கணவரின் சம்மதம், காசா தபாற்கந்தோர் வழியாக

ரூ காய், பாரிஸ் 10
12.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவர் இரத்தினம் சேந்தன், வயது ஐம்பத்தாறு, தங்களின் ஒரே தம்பி; முன்னர் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியும், உறுதிப் பத்திரங்கள் எழுதும் பிரசித்த நொத்தாரிசும்; இப்போது லா சப்பலில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் பிறருக்கு விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பவர்.

2. எழுதுவிப்பவர் தங்களின் மனைவியும் என் மச்சாளுமாகிய ஜெகதீஸ்வரி. கூசேன்விலிலிருந்து ரயிலேறி வந்து, என் மேசைக்கு எதிரே அமர்ந்து அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன்.

3. பெறுபவர் இரத்தினம் நகுலேந்திரன், வயது அறுபத்துமூன்று. ரோய்சி விமான நிலையத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பயணப்பொதிகளை ஏற்றி இறக்கி, சென்ற தை மாதம் இளைப்பாறியவர். ஏப்ரல் இருபதாந் திகதி, இமயமலை பார்க்கப் போவதாகச் சொல்லி, கைத்தொலைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டவர்.

சிம்லாவிலிருந்து தாங்கள் அனுப்பிய தபாலட்டையில், இனிச் சாங்லா தபாற்கந்தோருக்கு எழுதலாம் என்றிருந்தது. அந்த முகவரியை நம்பி இதைப் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்தையும் இரத்த அழுத்தத்தின் நிலையையும் அறிய விரும்புகிறோம்.

விடயம் இது. கோண்டாவிலில் உள்ள மச்சாளின் சீதன வீட்டில் அவருடைய தங்கை மிருணாளினி இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். வீட்டின் பின்சுவர் வெடித்துவிட்டது. வீட்டின் உறுதிப் பத்திரம் தன் பெயரில் இல்லாமல் அவர் அதை இடித்துக் கட்ட அனுமதி பெற முடியாது. ஆகவே வீட்டை அவருக்கே நன்கொடையாக எழுதிவிட மச்சாள் தீர்மானித்துள்ளார். ஆனால் நமது தேசவழமைச் சட்டப்படி, வீடு மனைவியின் சீதனமேயானாலும், கணவர் எழுத்தில் சம்மதம் தராமல் மனைவி அதை எவருக்கும் கொடுக்க இயலாது. சம்மதப் படிவத்தை இணைத்துள்ளேன். இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புக. ஐப்பசி மழை தொடங்குமுன் சுவர் எழும்ப வேண்டும்.

மச்சாள் வேறொரு வாக்கியமும் சொன்னார். அது இவ்விடயத்துக்குப் பொருந்தாததால் இங்கு சேர்க்கப்படவில்லை.

உடல்நலம் பேணவும்.

தங்கள் தம்பி,
சேந்தன்

*

சாங்லா
02.06.2025

தம்பி சேந்தனுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாய்த்தான் இருப்பாய். படிவக் கோவையளின்ரை தூசைக் குடிச்சே கொழுக்கிற பிறவி நீ. நான் ஆரெண்டு மூண்டாம் இலக்கத்திலை எனக்கே எழுதியிருக்கிறாய். அறியத்தந்ததுக்கு நன்றி.

பத்து நாளுக்கெண்டு பிடிச்ச ஜீப் எப்பவோ முடிஞ்சுது. இப்ப சுரேந்தர் நேகி எண்டவரின்ரை பிக்கப்பிலை போறன். மலை ஊர்களுக்கு மா மூட்டையும் காஸ் சிலிண்டரும் பள்ளிக்கூடப் புத்தகமும் கொண்டுபோய் இறக்கிறது அவரின்ரை தொழில். அவர் மூட்டை அடுக்கினதைச் சந்தையடியிலை நிண்டு பாத்தன். பாரம் முழுக்கப் பின்னுக்கு. அப்பிடி அடுக்கினால் ஏத்தத்திலை வண்டி மூக்கைத் தூக்கும். எனக்குப் பொறுக்கேல்லை. ஏறி எல்லாத்தையும் இறக்கித் திருப்பி அடுக்கினன். எனக்கு ஹிந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மூட்டைக்கு ரெண்டும் தேவையில்லை. "அங்கிள்ஜி" எண்டு முன்சீட்டைத் தட்டிக் காட்டினார். அதோடை நான் இறங்கேல்லை.

போன கிழமை சிட்குல் எண்டொரு ஊர். அதுக்கங்காலை சனமில்லை, வீதியுமில்லை, மலையும் ஆறும்தான். வீதி முடிஞ்ச இடத்திலை மூட்டையை இறக்கிப்போட்டுக் கொஞ்சநேரம் நிண்டம். வடிவுதான். ஆனால் ஒரு இடத்திலும் ரெண்டு நாளுக்கு மேலை இருக்க மனம் வருகுதில்லை. வண்டி நிண்டால் கால் அரிக்குது. அடுத்த ஊர் எது எண்டு நேகியைக் கேட்டபடி இருக்கிறன்.

படிவம் கிடைச்சது. ரெண்டு சாட்சி வேணுமெண்டால் எனக்கு இஞ்சை ஆரைத் தெரியும்? பாப்பம்.

அவ வேறை ஏதோ சொன்னா, சேர்க்கேல்லை எண்டு போட்டிருக்கிறாய். நீ எழுதக் கூசிற மாதிரி அவ என்ன சொல்லியிருப்பா எண்டு எனக்குத் தெரியும். அவவைச் சுகம் கேட்டதாய்ச் சொல்லு. அடுத்த கடிதத்தை ரெக்கோங் பியோவுக்குப் போடு.

அண்ணை

*

ரூ காய், பாரிஸ் 10
14.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

தாங்கள் சுகமென அறிந்து மகிழ்ந்தோம். மச்சாளும் சுகம், தங்கள் கடிதத்தை என் மேசையில் இருமுறை வாசித்தார்.

முதலாவதாக, சுற்றுலா விசாவில் உள்ளவர் வேலை செய்வது குற்றமாகும். மூட்டை அடுக்குவது எந்நாட்டுச் சட்டத்திலும் வேலையே. தாங்கள் உடனடியாக அதை நிறுத்தி, பயணியாக மட்டும் அமர்ந்து செல்லவேண்டும் என்பது என் ஆலோசனை. விசாவின்படி தங்கக்கூடிய நூற்றெண்பது நாட்களும் ஒக்ரோபர் 17இல் முடிவடைகின்றன என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இரண்டாவதாக, சாட்சி தங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. வயது வந்தவராகவும் தெளிந்த புத்தியுடையவராகவும் இருத்தல் போதும். திரு. நேகி முதலாவது தகுதியை உடையவர். தங்களை முன்சீட்டில் ஏற்றியவர் என்பதால் இரண்டாவதைப் பற்றி நான் கருத்துக்கூற இயலாது.

மூன்றாவதாக, மிருணாளினி தொலைபேசியில் எடுத்துப் பேசினார். வெடிப்புக்குள் இப்போது விரல் போகிறதாம்.

மச்சாள் இம்முறையும் ஒன்று எழுதச் சொன்னார். அது ஒரு வேண்டுகோள், படிவத்துடன் தொடர்பற்றது. தவிர்த்துள்ளேன்.

குளிர்ந்த நீரைக் கொதிக்கவைத்தே அருந்தவும்.

தங்கள் தம்பி,
சேந்தன்

*

நாகோ
05.07.2025

தம்பிக்கு,

சுகம். ஒரு கிழமை இருமல், இப்ப இல்லை. நீ சுகமோ, உன்ரை முதுகு நோ எப்பிடி?

சம்பளம் வாங்கேல்லை. சோறும் சிவத்த போஞ்சிக் கறியும் தாறார். சோறு சம்பளமோ எண்டு உன்ரை புத்தகத்திலை பார்.

பியோவிலை ஒரு கூத்து. அதுக்கங்காலை எல்லைப் பக்கம் எண்டபடியால் வெளிநாட்டுக்காரருக்கு அனுமதிக் கடுதாசி வேணும், தனி ஆளுக்குத் தரமாட்டினமாம். லீல் எண்ட பிரெஞ்சுப் பட்டணத்திலிருந்து சைக்கிளிலை வந்த பிராங்க் எண்டவரும் அதே வாசலிலை தனிய நிண்டார். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குழு எண்டு எழுதிக் குடுத்தம். அந்தாள் என்னட்டைக் கேட்டது: "நீங்கள் எதிலிருந்து ஓடுறியள்?" நான் சொன்னன்: "பென்ஷனிலிருந்து." இப்ப அவரின்ரை சைக்கிளும் எங்கடை வண்டியிலைதான். அதைக் கட்டினதும் நான்தான், அதையும் குற்றத்திலை சேர்.

நாலு நாள் முன்னம் மலை இறங்கி வீதியை மூடிப்போட்டுது. இரவெண்டில்லை, பகலெண்டில்லை, கல் உருள்ற சத்தம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒரு கலியாண வண்டி. மாப்பிளை தலைப்பாகையோடை மண்ணுக்கு மேலாலை ஏறி வந்து நேகியின்ரை வண்டியிலை தொத்திக்கொண்டு போனார். அந்த மழையிலை உன்ரை படிவம் நனைஞ்சு கூழாய்ப் போச்சுது. பியோவிலை கிடைச்ச உன்ரை ரெண்டாம் கடிதத்துக்குள்ளை படிவத்தின்ரை மாற்றுப் பிரதி ஒண்டும் இருக்கேல்லை. நீயும் பிழை விடுவாய் எண்டு அறிஞ்சதிலை சந்தோஷம்.

திரும்பவும் அவ சொன்னதை வெட்டியிருக்கிறாய். கடிதத்திலை உன்ரை குரல்தான் கேக்குது. விளங்குது. விடு.

இனி இந்த மலைக்கு அங்காலை இருக்கிற காசா எண்ட ஊருக்கு எழுது.

அண்ணை

*

ரூ காய், பாரிஸ் 10
16.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இருமல் நீங்கியதறிந்து ஆறுதல். என் முதுகு நோவு முன்போலவே உள்ளது, கூடவில்லை.

புதிய படிவத்தின் மூன்று பிரதிகளைத் தனித்தனி பிளாஸ்ரிக் உறைகளில் இட்டு அனுப்புகிறேன். மழையை இனி ஒரு காரணமாக ஏற்க இயலாது.

அண்ணை, தாங்கள் ஒப்பமிடத் தவறவில்லை, ஒப்பமிடத் தயங்குகிறீர்கள் என்றே நான் முடிவுசெய்ய வேண்டியுள்ளது. ஆகவே மாற்று வழியைக் கூறுவது என் கடமை. கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் சம்மதம் வழங்கலாம். அதற்கு மனைவி ஒரு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அதில் "என் கணவர் என்னைக் கைவிட்டுச் சென்றார்" என்ற வாக்கியம் இடம்பெற வேண்டும். வரைவு தயாராக என் இழுப்பறையில் உள்ளது. மச்சாள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. செப்ரெம்பர் பதினைந்துக்குள் சம்மதம் வராவிடின் அவர் முன் வைப்பேன்.

மச்சாள் இன்று சொன்னதையும் நான் எழுதவில்லை. காரணம் உண்டு, அதைக் கூறும் நிலையில் இல்லை.

மருந்துகளை நேரத்துக்கு எடுக்கவும்.

தங்கள் தம்பி,
சேந்தன்

*

காசா
07.08.2025

தம்பி,

சுகம். மாத்திரையும் மிச்சமிருக்கு.

உன்ரை கடிதத்தைத் தபாற்கந்தோர் வாசலிலை நிண்டே வாசிச்சன். கைவிட்டுச் சென்றார். சுத்தமான தமிழ். பிறகு மூண்டு நாள் வண்டியிலை இருந்து அதைத்தான் யோசிச்சன். நேகி என்ரை முகத்தைப் பாத்துப்போட்டு ரேடியோவை நிப்பாட்டிவிட்டார்.

நீ கேளாததைச் சொல்லுறன், எழுதி வை. இருபத்தேழு வருஷம் நான் இரவு வேலை. நான் வீட்டை வர அவ பள்ளிக்கூடச் சமையலுக்கு வெளிக்கிடுவா. அவ வர நான் நித்திரையாலை எழும்பி வெளிக்கிடுவன். வாசலிலை கண்டு, குழம்பு அடுப்பிலை, பிள்ளைக்கு நாளைக்கு ஊசி எண்டு சொல்லுவம். அவ்வளவுதான். அதிலை ஒரு குறையும் இருக்கேல்லை. சண்டை பிடிக்கவும் நேரமில்லை. பென்ஷன் வந்தாப் பிறகு முழுநாளும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ளை. என்ன கதைக்கிறது, எங்கை இருக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. குசினி அலுமாரியிலை டப்பாக்களைப் பாரம் பாத்து அடுக்கினன். அரிசி அடியிலை, பருப்பு நடுவிலை, மிளகாய்த்தூள் மேலை. அவ மாத்தி வைப்பா. நான் திருப்பி அடுக்குவன். மூண்டாந்தரம் அடுக்கேக்கை சொன்னா: "நீங்கள் வேலைக்குப் போன காலத்திலை எனக்கு வீடெண்டு ஒண்டு இருந்தது."

கத்திச் சொல்லேல்லை. வெங்காயம் உரிச்சபடி மெல்லமாய்ச் சொன்னா. அடுத்த கிழமை ரிக்கெற் எடுத்தன்.

ஏன் கையெழுத்து வைக்கேல்லை எண்டு கேக்கிறாய். அவவின்ரை வீடு அது, ஆருக்கும் குடுக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அவவுக்கு என்னட்டை இருந்து தேவைப்படுகிற ஒரே ஒரு சாமான் இந்தக் கையெழுத்துத்தான். வைச்சுப்போட்டால் பிறகு நான் எதுக்கு? நீ ஒவ்வொரு கடிதத்திலும் அவ சொன்னதை எழுத ஏலாது எண்டு போடுறாய். அவ்வளவு கெட்டதோ அது?

மிருணாளினியின்ரை சுவர் என்னாலை விழக்கூடாது. தெரியும். ரெண்டு நாள் தா.

அண்ணை

*

ரூ காய், பாரிஸ் 10
19.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இக்கடிதத்தை எவரும் எழுதுவிக்கவில்லை. என் எதிரே உள்ள நாற்காலி வெறுமையாக உள்ளது.

தங்கள் கடிதத்தை மச்சாளுக்கு நேற்று வாசித்துக் காட்டினேன். கடைசிக்கு முந்திய பந்தியை வாசித்ததும், "நான் சொன்ன ஒண்டையும் நீ எழுதேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து நின்றார். பின்னர், "தம்பி, நீ அவருக்கு எழுதினியோ, கோர்ட்டுக்கு எழுதினியோ?" என்றார். பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன மூன்றையும், சொன்ன திகதியுடன், ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே தருகிறேன்.

மே 12: "சாங்லா குளிருமோ? அவர் கழுத்துச் சால்வையை விட்டுட்டுப் போட்டார்."

ஜூன் 14: "அடுத்த ஊரின்ரை பேரை விளங்கக்கூடியதாய் எழுதச் சொல்லு. சுவரிலை ஒட்டின மாப்பிலை தேடிக் களைச்சுப்போறன்." தாங்கள் அறியமாட்டீர்கள். குசினிச் சுவரில் அந்த மலைநாட்டின் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டிவைத்துள்ளார். தாங்கள் எழுதிய ஊர்களைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு இணைத்திருக்கிறார். நாகோவில் கோடு நின்றபோது என்னை நான்கு முறை அழைத்தார்.

ஜூலை 16: "அண்டைக்கு நான் சொன்னது டப்பாவுக்கு. அவருக்கில்லை." இதை முன்னைய கூற்றை மீளப்பெறுவதாகப் பதியலாமா என்று கேட்டேன். "நான் என்ன வழக்குப் போட்டனானோ மீளப்பெற?" என்று ஏசினார்.

இவற்றை ஏன் எழுதவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த காரணம் இது. கணவனுக்குக் குளிருமோ என்று மனைவி கேட்ட கடிதமொன்று எழுத்தில் இருந்தால், பின்னர் அவர் கைவிட்டார் என்று சத்தியம் செய்யும்போது எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக் காட்டும். மச்சாளின் வழக்கைப் பலவீனமாக்கக்கூடாது என்று எண்ணினேன். எதிர்த்தரப்பு என்று நான் எண்ணியது தங்களை.

இருபது ஆண்டுகளாக இந்த மேசையில் பிறருடைய கண்ணீரைக் கேட்டு, அதில் அலுவலகத்துக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து எழுதி வருகிறேன். பழக்கம் என்பது மன்னிப்புக்குப் போதிய காரணமல்ல.

சத்தியக்கடதாசி வரைவின் குறுக்கே கோடிட்டு, இரத்து என்று எழுதி, கோவையில் வைத்துள்ளேன். தாங்கள் ஒப்பமிட்டாலும் இடாவிட்டாலும் அது வெளியே வராது.

நலமாக இருக்கவும்.

சேந்தன்

*

முத், பின் நதிப் பள்ளத்தாக்கு
08.09.2025

தம்பி,

எல்லாரும் சுகம் எண்டு இந்த முறை மனதாரவே எழுதுறன்.

உன்ரை கடிதம் காசாவிலை நாலு நாள் எனக்காகக் காத்திருந்திருக்கு. நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலை ஆறு பெருகி அகப்பட்டுப் போனம். ஆறு வடிஞ்சாப் பிறகு காசாவுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு, அடுத்த பாரத்தோடை திரும்பவும் இஞ்சை வந்திருக்கிறம். மூண்டு வசனத்தையும் நேகிக்குக் கையாலை சொல்லிக் காட்டினன். சால்வைக்குக் கழுத்தைத் தொட்டன். டப்பாவுக்கு மேலை மேலை அடுக்கிக் காட்டினன். மனுசன் ஸ்ரியரிங்கிலை தலையை வைச்சுச் சிரிச்சார். அவரின்ரை மனுசியும் அப்பிடித்தானாம். பிராங்க் சிரிக்கேல்லை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

உன்னிலை கோவமில்லை. சின்னனிலை கிளித்தட்டு விளையாடேக்கையே நடுவிலை நிப்பாட்டிச் சட்டம் சொன்னவன் நீ. அண்டைக்கும் நாங்கள் உன்னைச் சேர்த்துத்தான் விளையாடினனாங்கள்.

சம்மதம் இதோடை இருக்கு. மூண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. சாட்சி நேகியும் பிராங்கும். ரெண்டு பேரும் தெளிந்த புத்தி.

இனி அவவுக்கு என்ரை சம்மதம் ஒண்டும் தேவையில்லை. இப்ப கேக்க வேண்டியவன் நான். வீட்டை வரட்டோ எண்டு அவவைக் கேள். பிள்ளை இருக்கிறாள், அயல் என்ன சொல்லும், அதெல்லாம் வேண்டாம். அவவுக்கு நான் அங்கை இருக்கிறது சம்மதமோ இல்லையோ, அதுதான் கேள்வி. இல்லையெண்டாலும் ஏற்பன். ஆனால் அவ சொல்லுறதை அப்பிடியே எழுது. ஒரு எழுத்தும் வெட்டாதை.

நேகியின்ரை தொலைபேசி இலக்கம் பின்பக்கத்திலை. அவர் வாட்ஸ்அப் பாப்பார். இந்த ஊர் தாண்டினால் வீதி இல்லை, நாளைக்குத் திரும்புறம். அவ சுவர் மாப்பிலை கீறட்டும்: முத்.

அண்ணை

*

ரூ காய், பாரிஸ் 10
23.09.2025

1. இதைச் சொல்லுபவர் நகுலேந்திரனின் மனைவி ஜெகதீஸ்வரி, வயது அறுபத்தொன்று. எழுதுபவர் சேந்தன். சொன்னதைச் சொன்னபடி எழுத அவர் உடன்பட்டுள்ளார். நான் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்.

2. சம்மதக் கடிதம் கிடைச்சது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியாச்சு. மிருணாளினி சுவரை இடிக்க ஆள் பிடிச்சிட்டாள். இந்த விசயம் முடிஞ்சுது, இனி இதைப்பற்றி ஆரும் ஆருக்கும் எழுத வேண்டாம்.

3. என்ரை மனுசன் என்னைக் கைவிடேல்லை. நான் அவரைத் துரத்தவும் இல்லை. ஆனால் நான் சொன்னது பொய்யுமில்லை. அந்த வீடு பகலிலை எனக்குப் பழகின வீடு. அதுக்குள்ளை ஒராள் வந்து இருந்தால் எனக்கு மூச்சு முட்டும், ஆரெண்டாலும். அதை நான் வேறை விதமாய்ச் சொல்லியிருக்கலாம். வெங்காயம் உரிக்கேக்கை சொல்லியிருக்கக்கூடாது.

4. வரட்டோ எண்டு கேட்டிருக்கிறியள். வாறதுக்கு எனக்குச் சம்மதம். ஆனால் இப்ப வரவேண்டாம். இப்ப வந்தால் நீங்கள் கதவடியிலை நிப்பியள், நான் அடுப்படியிலை நிப்பன், திரும்பவும் டப்பாதான்.

5. நான் அங்கை வாறன். விசாவுக்குத் தம்பி நிரப்பித் தந்தார், போன கிழமையே வந்திட்டுது. நீங்கள் கேக்க முன்னமே கேட்டதுதான். ஒக்ரோபர் 5 காலமை டெல்லியிலை இறங்குவன். உங்கடை நாள் 17இலை முடியுதாம், திரும்பிற விமானம் ரெண்டு பேருக்கும் 16. அதுக்கிடையிலை நீங்கள் போன வீதியிலை எவ்வளவு ஏலுமோ அவ்வளவு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சிட்குலும் நாகோவும் கட்டாயம். முத் தூரமெண்டால் பறவாயில்லை.

6. முன்சீட்டிலை மூண்டு பேர் இருக்கலாமோ எண்டு அந்த நேகித் தம்பியைக் கேளுங்கோ. ஏலாதெண்டால் நீங்கள் பின்னாலை மூட்டையோடை இருங்கோ.

7. இதெல்லாம் எழுதத்தான் வேணுமோ எண்டு சேந்தன் இப்ப கேட்டார். எழுது எண்டனான். இந்தக் கடுதாசியின்ரை படத்தை இண்டைக்கே நேகியின்ரை போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறன். முதற் பிரதி பதிவுத் தபாலிலை வரும்.

8. கண்டால் என்ன கதைக்கிறது எண்டு நீங்கள் இருந்து யோசிக்க வேண்டாம். எனக்கும் தெரியாது. கதைக்க ஒண்டும் வராட்டி ரெண்டு பேரும் வீதியைப் பாத்துக்கொண்டிருப்பம்.

மேற்படி யாவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, நான் சொன்னபடியே இருக்கக் கண்டு, ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்) ந. ஜெகதீஸ்வரி

சாட்சிகள்:
1. இரத்தினம் சேந்தன், எழுதியவர், எதையும் தவிர்க்கவில்லை
2. ஜெயமணி, கீழ்த்தளச் சேலைக்கடை